டிஸ்னி வேர்ல்டில் எந்த ஹோட்டல்? சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஃபுளோரிடாவில், ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் குழந்தைகளோடு நான்கு முறை போய் வந்திருக்கிறோம். முதல் முறை மகளுக்கு இரண்டு வயது. கடைசியாகப் போனபோது அவளுக்கு எட்டு, தம்பிக்கு நான்கு. ஒருமுறை ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா அப்பாவும் கூட வந்தார்கள். தெரிந்தவர்கள் யார் கிளம்பினாலும் ஹோட்டலைப் பற்றி என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

டிஸ்னி வேர்ல்டு நிலத்துக்குள்ளேயே இருபதுக்கு மேல் டிஸ்னி ஹோட்டல் இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?

மத்தியானத் தூக்கத்தை வைத்து. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் நான் இதைத்தான் முதலில் கேட்பேன்: பகல் ஒரு மணிக்குக் குழந்தை கண்ணைக் கசக்க ஆரம்பிக்கும்போது, பூங்கா வாசலிலிருந்து உங்கள் கட்டிலுக்குப் போக எத்தனை நிமிடம் ஆகும்?

டிஸ்னி வேர்ல்டு ஒரே ஒரு பூங்கா இல்லை. ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர் நிலம். அதற்குள் மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு தீம் பார்க்குகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் அங்கே போய்த்தான் திகைக்கிறார்கள். காலை ஏழரைக்குக் கிளம்பி இரவு வாணவேடிக்கை வரை ஒரு மூன்று வயதுக் குழந்தையால் தாங்க முடியாது. காலையில் நான்கு மணி நேரம் பூங்கா, அப்புறம் அறைக்கு வந்து குளித்துத் தூங்கி, வெயில் தாழ்ந்ததும் மறுபடி பூங்கா. இப்படிப் போன நாட்கள்தான் எங்களுக்கு நல்ல நாட்களாக அமைந்தன. இப்படிப் போய் வர ஹோட்டல் இடம் கொடுக்குமா என்பதுதான் கேள்வி. அறையின் அலங்காரம், சுவரில் எந்த கார்ட்டூன் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

வெளியே தங்கினால் பாதி விலைக்கு அறை கிடைக்கிறதே. உள்ளேயே தங்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் கணக்கை முழுதாகப் போட்டுப் பாருங்கள்.

முதல் முறை நாங்கள் வெளியேதான் தங்கினோம். பூங்காவுக்கு இலவச ஷட்டில் உண்டு என்று அந்த ஹோட்டல் போட்டிருந்தது. ஒரு நாளைக்கு நான்கே தடவைதான் வண்டி வரும் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் நாள் மகள் பன்னிரண்டரைக்கே தூங்கி விழுந்துவிட்டாள். அடுத்த வண்டி மூன்றரைக்கு. டாக்சி பிடிக்கலாம் என்றால் கையில் கார் சீட் (குழந்தையைக் காரில் கட்டி உட்கார வைக்கும் தனி இருக்கை) இல்லை. ஃபுளோரிடாவில் ஐந்து வயது முடியும் வரை குழந்தைக்கு அது சட்டப்படி வேண்டும். மூன்று மணி நேரம் நிழல் தேடித் தேடித் தள்ளுவண்டியைத் தள்ளினோம். அந்தப் பிற்பகலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போனாலும் மேஜிக் கிங்டத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. கார் நிறுத்தும் இடம் பூங்கா வாசலில் இல்லை. ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. காரை விட்டு இறங்கி, அங்கிருந்து மோனோரயிலோ படகோ பிடித்துத்தான் வாசலுக்குப் போக வேண்டும். திரும்பும்போதும் அதே கதை, தூங்கும் குழந்தையோடு. பார்க்கிங்குக்கு நாளுக்குச் சுமார் 30 டாலர் வேறு. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்குப் பூங்காக்களிலும் ஹோட்டலிலும் பார்க்கிங் இலவசம். வெளி ஹோட்டல்கள் பலவும் ‘ரிசார்ட் ஃபீ’ என்று ஒரு தொகையைத் தினமும் தனியாகச் சேர்க்கும். டிஸ்னி ஹோட்டல்களில் அது கிடையாது. வரி மட்டும் ஏறக்குறைய 12.5 சதவீதம் சேரும்.

உள்ளே தங்குபவர்களுக்கு இன்னொரு சலுகை, தினமும் எல்லாப் பூங்காவிலும் அரை மணி நேரம் முன்னதாக நுழையலாம். பெரியவர்கள் மட்டும் போனால் இதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. ஆறு மணிக்கே எழுந்துவிடும் குழந்தை வீட்டில் இருக்கிறதா, அப்படியானால் இது பெரிய விஷயம். மேஜிக் கிங்டத்தில் அந்த அரை மணியில் பீட்டர் பேன் சவாரியைப் பெரிய வரிசை இல்லாமல் முடித்துவிட்டோம். பகலில் அதே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் கார் இருக்கிறது, கார் சீட்டும் இருக்கிறது, ஏழெட்டுப் பேர் போகிறீர்கள் என்றால் வெளியே ஒரு வாடகை வீடு எடுப்பது நியாயமான முடிவு. சமையலறையும் தனித்தனி அறைகளும் கிடைக்கும்.

வேல்யூ, மாடரேட், டீலக்ஸ் என்று பிரித்திருக்கிறார்களே, என்ன வித்தியாசம்?

விலையும் இடமும்தான் பெரிய வித்தியாசம். கூட்டம் குறைந்த நாட்களில் வேல்யூ அறை இரவுக்கு ஏறக்குறைய 150 டாலரிலிருந்து கிடைக்கும். டீலக்ஸ் 500க்கு அருகில் தொடங்கிப் பல மடங்கு வரை போகும். மாடரேட் நடுவில். வேல்யூவில் அறை சின்னது, சாப்பாடு ஃபுட் கோர்ட்டில். டீலக்ஸில் அறை பெரியது, உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்கள் உண்டு, பெரும்பாலானவை ஏதாவது ஒரு பூங்காவுக்கு மிக அருகில். சுத்தத்திலும் ஊழியர்களின் கனிவிலும் நான் வித்தியாசம் பார்க்கவில்லை. வேல்யூவில் தங்கினோம் என்று குழந்தைகளுக்குத் தெரியவே தெரியாது. அவர்களுக்கு நீச்சல் குளத்து நடுவில் ஒரு பெரிய பூ இருந்தால் போதும்.

பட்ஜெட் குறைவு. வேல்யூவில் எதை எடுப்பது?

பாப் செஞ்சுரி. இதற்கு நான் யோசிப்பதே இல்லை.

காரணம் ஸ்கைலைனர். 2019 செப்டம்பர் கடைசியில் தொடங்கிய கேபிள் கார் இது. பாப் செஞ்சுரிக்கும் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஹோட்டலுக்கும் நடுவில் உள்ள ஏரியின் மேல் ஒரு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஏறி, கரீபியன் பீச் ஹோட்டலில் வண்டி மாறினால் ஹாலிவுட் ஸ்டுடியோஸும் எப்காட்டும் போகலாம். பெட்டிகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். அதைவிடப் பெரிய நிம்மதி, தள்ளுவண்டியை மடிக்காமல் அப்படியே உள்ளே உருட்டிவிடலாம். தூங்கும் குழந்தை தூங்கியபடியே அறை வாசல் வரை வந்து சேரும். பஸ்ஸில் இது நடக்காது: குழந்தையை எழுப்பி, வண்டியை மடித்து, பையையும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.

இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கைலைனர் பெட்டியில் ஏசி கிடையாது, காற்று வரும் திறப்புகள்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது வெயிலிலும் பரவாயில்லை. ஆனால் மின்னல் வெட்டினால் நிறுத்திவிடுவார்கள், அப்போது பஸ்தான். மேஜிக் கிங்டத்துக்கும் அனிமல் கிங்டத்துக்கும் எப்படியும் பஸ்தான்.

ஆல்-ஸ்டார் ஹோட்டல்கள் மூன்றும் இதைவிட மலிவு. அங்கே எல்லாப் பூங்காவுக்கும் பஸ் மட்டுமே. ஏழு வயதுக்கு மேல் பிள்ளைகள் என்றால் தாராளமாக எடுங்கள். தள்ளுவண்டிப் பருவம் என்றால் அந்த வித்தியாசத் தொகையைக் கொடுத்துவிடுவது நல்லது.

தாத்தா பாட்டியும் வருகிறார்கள், மொத்தம் ஆறு பேர். ஒரே அறையில் தங்க முடியுமா?

சாதாரண வேல்யூ அறையில் நான்கு பேர். அதோடு மூன்று வயது ஆகாத குழந்தை தொட்டிலில் படுத்தால் ஐந்தாவதாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆறு பேருக்கு ஆர்ட் ஆஃப் அனிமேஷனில் ஃபேமிலி சூட் இருக்கிறது. 2012இல் திறந்த ஹோட்டல். தனிப் படுக்கையறை, இரண்டு குளியலறை, மைக்ரோவேவ், ஃப்ரிட்ஜ், சாப்பிட மேசை. அந்த மேசையையே இரவில் மடக்கினால் கட்டிலாகிவிடும். என் அம்மா அப்பாவோடு போனபோது இதைத்தான் எடுத்தோம். அப்பாவுக்கு நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிடும். அவர் பாட்டுக்கு ஒரு பக்கம் எழுந்து நடமாட, குழந்தைகள் கதவுக்கு இந்தப் பக்கம் தூங்கினார்கள். இரண்டு குளியலறை என்பது காலை ஏழு மணிக்கு எவ்வளவு பெரிய வசதி என்று கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் விலையை ஒப்பிடுங்கள். பல தேதிகளில் பாப் செஞ்சுரியில் இரண்டு அறை எடுப்பது ஒரு சூட்டைவிடக் குறைவாக வரும். அடுத்தடுத்த, இடையில் கதவுள்ள அறைகளாகக் கேட்கலாம். கிடைத்தே தீரும் என்று உறுதி சொல்ல முடியாது.

ஃபோர்ட் வில்டர்னெஸ் என்ற இடத்தில் மரங்களுக்கு நடுவே கேபின்கள் இருக்கின்றன. அங்கும் ஆறு பேர் தங்கலாம், முழுச் சமையலறை உண்டு. அமைதியான இடம், போக்குவரத்துக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

மோனோரயில் ஹோட்டல்கள் அந்த விலைக்குத் தகுமா?

கன்டெம்பரரி, பாலினீசியன், கிராண்ட் ஃபுளோரிடியன் ஆகிய மூன்றைத்தான் இப்படிச் சொல்வார்கள். முதல் இரண்டும் 1971 அக்டோபர் 1 அன்று, மேஜிக் கிங்டம் திறந்த அதே நாளில் திறந்தவை. கன்டெம்பரரி கட்டடத்துக்குள்ளேயே மோனோரயில் புகுந்து போவதைக் குழந்தைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள்.

உங்கள் குழந்தைகள் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள், போவது பெரும்பாலும் மேஜிக் கிங்டத்துக்கு, கையில் பணமும் இருக்கிறது என்றால், தகும். கன்டெம்பரரியிலிருந்து பூங்கா வாசலுக்கு நடந்தே பத்து நிமிடம். வண்டிக்குக் காத்திருப்பதே இல்லை. பாலினீசியனுக்கு வேறொரு வசதி: எப்காட் மோனோரயில் புறப்படும் நிலையத்துக்கு அங்கிருந்து நடந்து போய்விடலாம். இரவு வாணவேடிக்கையை அதன் ஏரிக்கரையிலிருந்தே பார்க்கலாம். குழந்தையைக் கூட்டத்தில் தோளில் சுமக்க வேண்டாம்.

பணத்தைப் பிய்த்துப் பிய்த்துச் சேர்த்துப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். அந்தத் தொகைக்கு வேல்யூவில் இரண்டு மடங்கு நாட்கள் இருக்கலாம். நாட்கள் கூடினால் அவசரம் குறையும், ஒரு நாள் முழுக்கக் குளத்திலேயே கழிக்கலாம். நான் நாட்களைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆறு இரவு மனதில் வைத்திருந்தால், ஐந்து இரவு பாப் செஞ்சுரி, கடைசி ஒரு இரவு கன்டெம்பரரி என்று பிரித்துக்கொள்வதும் ஒரு வழி. ஹோட்டலிலிருந்து ஹோட்டலுக்கு உங்கள் பெட்டிகளை அவர்களே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள்.

மாடரேட் எடுக்கலாமா?

போர்ட் ஆர்லியன்ஸ் ஃபிரெஞ்ச் குவார்ட்டர் எனக்குப் பிடித்தது. வளாகம் சின்னது, ஒரே ஒரு பஸ் நிறுத்தம், எந்த அறையிலிருந்தும் குளம் பக்கம். கரீபியன் பீச்சில் ஸ்கைலைனரின் மைய நிலையமே இருக்கிறது. ஆனால் வளாகம் மிகப் பெரியது, உங்கள் கட்டடம் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து நடை கூடும். அங்கே இரண்டு மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. போர்ட் ஆர்லியன்ஸ் ரிவர்சைடின் ஒரு பகுதியிலும் அப்படித்தான். தள்ளுவண்டி இருந்தால் புக் செய்யும்போதே தரைத்தளம் வேண்டும் என்று குறிப்பிடுங்கள்.

அனிமல் கிங்டம் லாட்ஜில் ஜன்னல் வழியே ஒட்டகச்சிவிங்கி தெரியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஹோட்டலைச் சுற்றிப் புல்வெளிகள். வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மான் வகைகளும் மேய்ந்துகொண்டிருக்கும். காலை காபியோடு பால்கனியில் நின்றபோது, கீழே ஒட்டகச்சிவிங்கி கழுத்தை வளைத்து இலை பறித்தது. அன்று என் மகன் பேசாமல் நின்ற இருபது நிமிடம் எனக்கு எந்தச் சவாரியையும்விட மேலானது.

ஆனால் என் முதல் கேள்வியை இதற்கும் போட்டுப் பாருங்கள். இங்கிருந்து எல்லா இடத்துக்கும் பஸ் மட்டும்தான். மேஜிக் கிங்டம் தூரம். அதனால் பூங்காவுக்கே போகாத ஓய்வு நாளை நடுவில் வைத்திருப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்வேன். விலங்குகள் தெரியும் அறைக்குத் தனி விலை. சாதாரண அறை எடுத்தாலும், எல்லோரும் நின்று பார்க்கப் பொது இடங்கள் அமைத்திருக்கிறார்கள்.

இங்கே தங்காவிட்டாலும் ஒரு வேளை சாப்பிட வாருங்கள். கிடானி வில்லேஜ் பகுதியில் சனா என்ற உணவகத்தில் ‘நான்’ (naan) வகை ரொட்டிகளும் ஒன்பது வகைத் தொட்டுக்கொள்ளலும் தருகிறார்கள். நான்கு நாள் பீட்சாவுக்குப் பிறகு என் அம்மா வயிறார, மனதாரச் சாப்பிட்ட இடம் அது. பகல் வெளிச்சத்தில் போனால் ஜன்னலுக்கு வெளியே விலங்குகள் தெரியும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? நாங்கள் சைவம், குழந்தைக்குத் தயிர்சாதம் இல்லாமல் முடியாது.

பூங்காவுக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. நாங்கள் ஒவ்வொரு முறையும் எலுமிச்சை சாதமோ தயிர்சாதமோ டப்பாவில் எடுத்துப் போயிருக்கிறோம். வாசலில் பையைச் சோதிப்பவர்கள் ஒன்றும் சொன்னதில்லை.

அதை எங்கே செய்வது என்பதுதான் ஹோட்டல் கேள்வி. சாதாரண அறையில் சின்ன ஃப்ரிட்ஜும் காபி போடும் மெஷினும் இருக்கும், மைக்ரோவேவ் இருக்காது. ஃபுட் கோர்ட்டில் இருப்பதைப் பயன்படுத்தலாம். ஃபேமிலி சூட்டில் மைக்ரோவேவ் உண்டு. வில்லா ஹோட்டல்களில் ஒரு படுக்கையறை வில்லா எடுத்தால் முழுச் சமையலறையோடு துணி துவைக்கும் மெஷினும் இருக்கும். மைக்ரோவேவில் வேகும் அரிசிப் பாக்கெட், ஒரு டப்பா தயிர், ஊறுகாய். இது போதும், சின்னக் குழந்தையின் மத்தியானம் கழிந்துவிடும். மளிகையை ஆப் மூலம் ஹோட்டலுக்கே வரவழைக்கலாம். வாங்கி வைப்பதற்கு ஹோட்டல் சிறு கட்டணம் கேட்கும்.

பூங்கா உணவகங்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் இல்லாதவற்றுக்கு இலைக் குறி போட்டிருப்பார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், பொறுமையாகச் சொல்வார்கள்.

கைக்குழந்தைக்கு டிக்கெட் உண்டா? தொட்டில் கொண்டுபோக வேண்டுமா?

மூன்று வயது ஆகும் வரை பூங்காவுக்கு டிக்கெட் வேண்டாம். மூன்றிலிருந்து ஒன்பது வரை குழந்தை டிக்கெட், பத்திலிருந்து பெரியவர். மூன்றாவது பிறந்தநாளுக்கு முன்னால் போய்விட முடியுமா என்று ஒருமுறை காலண்டரைப் பாருங்கள்.

மடக்குத் தொட்டிலை ஹோட்டலிலேயே இலவசமாகத் தருவார்கள். தள்ளுவண்டி கொண்டுபோனால் அகலம் 79 சென்டிமீட்டர், நீளம் 132 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வேகன் வகை வண்டிகளை அனுமதிப்பதில்லை. நான்கு பூங்காவிலும் குழந்தைப் பராமரிப்பு மையம் உண்டு: பால் கொடுக்கத் தனியறை, டயப்பர் மாற்ற மேசை, உணவு சூடாக்க மைக்ரோவேவ். மிக அமைதியான இடம். இது இருப்பதே தெரியாமல் கழிப்பறை வாசலில் அல்லாடும் அம்மாக்களைப் பார்க்கும்போது மனது கேட்பதில்லை.

குளம் எந்த ஹோட்டலில் நன்றாக இருக்கும்?

பீச் கிளப், யாட் கிளப் இரண்டுக்கும் பொதுவான ஸ்டார்மலாங் பே. அடியில் மணல் பரப்பிய, ஏறக்குறைய மூன்று ஏக்கர் தண்ணீர் வளாகம். எப்காட்டின் பின்வாசலுக்கு அங்கிருந்து நடந்தே போகலாம் என்பதால் என் மத்தியானக் கேள்விக்கும் நல்ல பதில். வேல்யூவில் ஆர்ட் ஆஃப் அனிமேஷனின் பெரிய நீலக்குளம். தண்ணீருக்கு அடியில் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள், முங்கினால் பாட்டு கேட்கும். லைஃப் ஜாக்கெட் எல்லாக் குளத்திலும் இலவசம். மேற்பார்வை இருக்கிறது என்று நீங்கள் கண்ணை எடுத்துவிடாதீர்கள்.

ஏரி வேறு, குளம் வேறு. ஹோட்டல்களின் ஏரிக்கரையில் வெள்ளை மணல் அழகாக இருக்கும். ஆனால் ஃபுளோரிடாவின் ஏரிகளில் முதலை உண்டு. 2016இல் அங்கே ஒரு ஹோட்டல் கரையில் இரண்டு வயதுக் குழந்தையை முதலை இழுத்துப்போய் உயிர் போனது. அதற்குப் பிறகு தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் வைத்திருக்கிறார்கள். தடுப்பைத் தாண்டிக் காலை நனைக்கக்கூட விடாதீர்கள்.

எந்த மாதம் போவது?

விலையும் கூட்டமும் குறைவு ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, பள்ளி திறந்திருக்கும். ஆனால் வெயில் நம் ஊர்ச் சித்திரை மாதிரி, ஈரப்பதத்தோடு. ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் பருவம்; கோடையில் அநேகமாக எல்லாப் பிற்பகலிலும் இடிமழை. அறைக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த மழை நேரமே தூக்க நேரம். புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு ஜனவரி நடுவிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் வெயில் இதமாக இருக்கும். குளம் சூடாக்கப்பட்டிருந்தாலும் வெளியே வந்ததும் குழந்தைகள் நடுங்குவார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

யுனிவர்சல் ஹோட்டல்கள் எப்படி?

அதே ஆர்லாண்டோவில் வேறு நிறுவனத்தின் பூங்காக்கள். 2025 மே மாதம் எபிக் யூனிவர்ஸ் என்ற புதிய பூங்காவையும் திறந்திருக்கிறார்கள். அங்கே பெரிய சவாரிகளில் பலவற்றுக்கு உயர வரம்பு உண்டு. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் பாதி நாள் யாராவது ஒருவர் வெளியே நிற்க வேண்டிவரும். பிள்ளைகள் எட்டு, பத்து வயதானதும் போங்கள். போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் ஆகிய மூன்று ஹோட்டல்களில் தங்கினால் பழைய இரண்டு பூங்காக்களிலும் விரைவு வரிசைச் சீட்டு அறை வாடகையிலேயே சேரும். எபிக் யூனிவர்ஸுக்கு அது செல்லாது.

காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டால் அறை தருவார்களா?

அறை பிற்பகல் மூன்று மணிக்கு, வில்லாக்களில் நான்கு மணிக்கு. அதற்கு முன் பெட்டிகளைக் கொடுத்துவிட்டுக் குளத்தைப் பயன்படுத்தலாம். காலி செய்த நாளிலும் அப்படியே. அதனால் முதல் நாளுக்குப் பூங்கா டிக்கெட் வாங்காதீர்கள். நீச்சல் உடையையும் ஒரு மாற்று உடையையும் நீச்சல் டயப்பரையும் பெட்டிக்குள் வைக்காமல் தோள்பையில் மேலாக வையுங்கள். விமானத்தில் வந்த களைப்புக்குக் குளமும், அது முடிந்ததும் சூடாக ஒரு தட்டு பாஸ்தாவும் போதும். அன்று இரவு எட்டு மணிக்கே தூங்கிவிடுவார்கள். மறுநாள் காலை அந்த முன்னதான அரை மணிக்கு வாசலில் முதல் ஆளாக நிற்கலாம்.